விதைத்த நாளும் ஒப்பமிட்ட நாளும்

சென்ற பொங்கலன்று என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். பட்டப் படிப்பை முடித்து, மூன்றாண்டுகள் இடைவிடாது தேர்வுகள் எழுதி, கடைசியில் மத்திய அரசின் காரியாலயம் ஒன்றில் உதவியாளனாக நியமனம் பெற்றுத் தலைநகருக்கு வந்து சேர்ந்தவன். சர்க்கரைப் பொங்கலும் சாப்பாடும் முடிந்தபின், தை மாதக் குளிருக்கு இதமாக வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு இருவரும் அமர்ந்திருந்தோம். அப்போது அவன் கேட்டான்: "மாமா, இன்னும் முப்பது முப்பத்தைந்து வருஷம் இந்த உத்தியோகத்தில்தான் இருக்கப் போகிறேன். நல்லவன் என்று பெயர் எடுக்க என்ன செய்ய வேண்டும்?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பட்டதாரியான அவனுக்குப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ரயில்வே குமாஸ்தாவாகிய நான் என்ன சொல்ல முடியும்? நிர்வாக இயலை நான் படித்ததில்லை. எனக்கு ஓரளவு தெரிந்த வித்தை பயிரிடுவது ஒன்றுதான். ஆகையால் அவனைக் குடியிருப்பின் கொல்லைப்புறத்திற்கு அழைத்துச் சென்றேன். நான்கு பாத்திகளில் வெந்தயக் கீரையும் முள்ளங்கியும், ஒரு மூலையில் கட்டிலளவு இடத்தில் கோதுமையும் பசுமையாக நின்றன. அந்த வரப்பில் உட்கார்ந்து நான் அவனுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகளும் பெண்களும் அரசுப் பணிக்கென்று இரவு பகலாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படலாம் என்பது என் எண்ணம்.

அரியலூர்ப் பக்கத்தில் மருதையாற்றுக்கு அருகே உள்ளது எங்கள் சிற்றூர். தந்தையாருக்கு இரண்டு ஏக்கர் கரிசல் நிலம். வானத்தை நம்பிய பூமி. பருத்தியும் சோளமும் போடுவார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் எழுந்ததும் நிலத்துக்குப் போய் வரப்பை ஒருமுறை சுற்றி வருவது அவர் வழக்கம். "ஒன்றும் வேலையில்லையே அப்பா, எதற்குப் போகிறீர்கள்?" என்று சிறு வயதில் ஒருநாள் கேட்டேன். "போய்ப் பார்த்தால்தானே வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியும்" என்றார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்குவதற்குத் தில்லிக்கு வந்து ஒரு குற்றம் செய்ய வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்புத் தேறி, தேர்வெழுதி, முதலில் இருப்புப்பாதைப் பராமரிப்புத் தொழிலாளியாகவே ரயில்வேயில் சேர்ந்தேன். தில்லியை அடுத்த பகுதியில் வேலை. மார்கழி மூடுபனியில், இரும்பு குளிர்ந்து சுருங்கித் தண்டவாளம் விரிசல் காணும் காலத்தில், கையில் விளக்குடன் பாதை நெடுக நடந்திருக்கிறேன். எங்கள் குழுவின் மேட் ஹரியாணாவில் ரோத்தக் பக்கத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தி பேசத் தெரியாத தென்னாட்டுப் பையனைத் தம் பிள்ளையைப் போல் வைத்துக் கொண்டார். சில ஆண்டுகள் கழித்து இலாகாத் தேர்வில் தேறி நான் குமாஸ்தாவானபோது, தம் வயலில் விளைந்த கோதுமை விதையில் இரண்டு படி முடிந்து கொடுத்து, "பாபு ஆகிவிட்டாய், மண்ணை மறந்துவிடாதே" என்றார். கார்த்திகை பிறந்து முதல் வாரத்துக்குள், அதாவது நவம்பர் 20ஆம் தேதிக்குள், விதைத்துவிட வேண்டும் என்றும் கூறினார்.

அந்த ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் என் மேசைக்கு ஒரு காகிதம் வந்தது. பணியிலிருக்கும்போதே நோயுற்று இறந்துபோன தொழிலாளி ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்குவது பற்றிய தாள்கள் அவை. அம்மையாரின் பெயர் பணிப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஓர் எழுத்து வேறுபாடுதான். அதைத் தெளிவுபடுத்தி உறுதிமொழி அனுப்புமாறு அவருக்கு நான்கு வரிக் கடிதம் எழுத வேண்டியது என் வேலை. புதிய இடம், புதிய வேலை, தவறிவிடுவோமோ என்ற பயம்; ‘மூத்தவர் ஒருவரைக் கேட்டுக் கொண்டு பிறகு எழுதலாம்’ என்று இழுப்பறையில் வைத்தேன். அதன்மேல் வேறு காகிதங்கள் வந்தன. அவற்றின்மேல் இன்னும் பல வந்தன.

மேட் கொடுத்த விதையும் அவ்வாறே முடிச்சோடு அலமாரியில் கிடந்தது. டிசம்பர் நடுவில்தான் நினைவு வந்து விதைத்தேன். முளைத்தது, பசுமையாகவும் வளர்ந்தது. ஒரு மாதம் தாழ்ந்தால் என்ன கெட்டுவிட்டது என்று எண்ணிக் கொண்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள் அந்த அம்மையார் பத்து வயதுப் பையன் ஒருவனுடன் வந்து என் மேசைமுன் நின்றார். கணவர் இறந்தபின் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டுக்குக் கிராமத்துக்குப் போய்விட்டாராம். முன்பதிவில்லாப் பெட்டியில் இரவு முழுவதும் நின்றுகொண்டே வந்திருக்கிறார். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும். தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வரவில்லை" என்றார். இழுப்பறையின் அடியிலிருந்து தாள்களை எடுத்தேன். வேண்டிய உறுதிமொழியை அன்றே எழுதி வாங்கி மேலே அனுப்பக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. பின்னர் ஓய்வூதியம் வந்தது. நிலுவையும் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மாதங்களில் பையன் பள்ளியிலிருந்து நின்றிருந்தான். அவன் இழந்த அந்த ஒரு வருஷத்தை நிலுவையோடு சேர்த்துக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

மார்ச் மாதத்தில் மேற்கிலிருந்து வெப்பக் காற்று வீசத் தொடங்கியது. பக்கத்துக் குடியிருப்பில் நவம்பரில் விதைத்திருந்த கோதுமை அதற்குள் பால் பிடித்து மணி திரண்டிருந்தது. என்னுடையது அப்போதுதான் கதிர் விட்டிருந்தது. வெப்பம் தாங்காமல் மணிகள் சூம்பிப் போயின. பாதிக்கு மேல் பதர். விதைதான் சரியில்லையோ என்று மேட்டிடம் ஒரு கதிரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைக் கையில் கசக்கி ஊதிப் பார்த்துவிட்டு, "விதையில் குற்றமில்லை, பாபு. தேதியைப் பார்" என்றார். எனக்கு அந்த வீட்டுப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

அன்று நான் அறிந்து கொண்டது இதுதான். தண்ணீர் இல்லாவிட்டால் பயிர் நம் கண்முன்னே வாடிவிடும். ஆகவே உழவனால் தூங்க முடியாது. காகிதமோ எத்தனை மாதம் கிடந்தாலும் வாடுவதில்லை. வாடுகின்றவர் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவர் நம் கண்ணில் படுவதில்லை. காரியாலயத்தில் ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு செயலே என்பதைக் காகிதம் நமக்குச் சொல்லித் தராது. பயிர் சொல்லித் தரும். ஆகையால்தான் அரசுப் பணியில் சேரும் இளைஞன் ஒரு கீரைப் பாத்தியையாவது வளர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அடிக்கடி கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில் மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்துவிட, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. கரையை அரித்தது அவர் கையன்று, மழை. ஆயினும் பொறுப்பு தம்முடையது என்று கூறிப் பதவி விலகினார். மழையால் பயிர் அழிந்தாலும் நட்டத்தை உழவன் தன் தலையில்தான் தாங்கிக் கொள்கிறான். என் இழுப்பறைக்கு அந்த மழைச் சாக்குக்கூட இல்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் நினைவு வரும்.

அதே சாஸ்திரி 1964இல் பிரதம மந்திரியானபோது நாட்டில் உணவுப் பஞ்சம் தலைதூக்கியிருந்தது. திங்கட்கிழமை இரவு உணவை விட்டுவிடுமாறு மக்களை வேண்டிக் கொண்டவர் அவர். உணவு, விவசாய இலாகாவை அவர் ஒப்படைத்தது பொள்ளாச்சிப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்த சி. சுப்பிரமணியத்திடம். மெக்சிகோ நாட்டுக் குட்டைரகக் கோதுமையை இந்தியாவில் பரப்ப வேண்டும் என்று அவர் கூறியபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தில்லியில் தமக்கு அளித்திருந்த அரசு மாளிகையின் புல்தரையை உழுது, அதிலேயே அந்தக் கோதுமையை விதைத்தார். பிறருக்குச் சொல்லுமுன் தம் வாசலில் செய்து காட்டினார்.

விதைக்கும் நேரம் தவறக் கூடாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1966ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. அந்நியச் செலாவணிக்கு நாடு திண்டாடிய காலம் அது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் வந்து கொண்டிருந்த காலம். விவசாயச் செயலாளராக இருந்த பி. சிவராமன், பூசா ஆராய்ச்சி நிலையத்தில் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆகியோரும் மற்றும் பல அறிஞர்களும் துணை நின்றனர். 1964-65இல் ஏறத்தாழ 120 லட்சம் டன்னாயிருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் ஏறத்தாழ 165 லட்சம் டன்னாக உயர்ந்தது. 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சியைக் குறித்து அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். ஆனால் விதைக்கச் செய்த சுப்பிரமணியம் அப்போது அமைச்சர் அல்லர். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றுப் போயிருந்தார். தான் விதைத்ததைத் தானே அறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவன் தென்னங்கன்று நடமாட்டான். அரசுப் பணியில் மாற்றல் உத்தரவு எப்போதும் வரலாம். நாம் போனபின் வருபவன் அறுவடை செய்யட்டும். நம் நாளில் விதைத்தோமா என்பதே கேள்வி.

அந்தக் குட்டைக் கோதுமையிடம் இன்னொரு பாடமும் உண்டு. பழைய நெட்டை ரகங்களை ஆழமாக விதைப்பது இந்நாட்டு வழக்கம். புதிய ரகத்தின் முளைக்குருத்து உறை குட்டையானது. ஆழத்தில் போட்டால் அது மண்ணைத் துளைத்து மேலே வராது. ஐந்து சென்டிமீட்டர் அளவே ஆழம் இருக்க வேண்டும். அவ்வாறே, விதைத்து மூன்று வாரமளவில் முடிவேர் விடும் சமயத்தில் முதல் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும்; அதைத் தவறவிட்டால் பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்ததை முழுவதும் மீட்க முடியாது. விதை புதியது, பழக்கம் மட்டும் பழையதாயிருந்தால் பயன் இல்லை. இக்காலத்தில் நம் காரியாலயங்களில் கோப்புகள் பெரும்பாலும் கணினியிலேயே நகர்கின்றன. ஆயினும், கணினியில் விண்ணப்பித்துவிட்டு வரும் ஏழையிடம், ‘அதை அச்சிட்டு மூன்று பிரதி கொண்டு வா’ என்று கூறும் மேசைகள் இன்னும் உள்ளன. திட்டம் முளைக்கவில்லை என்று குறை கூறுமுன், அதை எவ்வளவு ஆழத்தில் புதைத்தோம் என்று நாம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

சுவாமிநாதனைப் பற்றியும் இளைஞர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்த செய்தி அவரை உழவுக் கல்வியின் பக்கம் திருப்பியது. பின்னர் தேர்வெழுதி இந்தியப் போலீஸ் பணிக்கு அவர் தேர்வாகியும் இருந்தார். அதே சமயத்தில் நெதர்லாந்து நாட்டில் மரபியல் பயில உதவித்தொகையும் கிடைத்தது. அவர் போலீஸ் பதவியை விடுத்து விதையைத் தேடிப் போனார். தேர்வில் வெற்றி பெறாத பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பொதுப்பணி என்பது தேர்வாணையத்தின் பட்டியலுக்குள் அடங்கிவிடுவதன்று.

புதிய ரகங்களை உழவர் கண்முன் விளைவித்துக் காட்டும் சோதனை வயல்களைச் சிறு உழவர்களின் நிலத்திலேயே அமைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பணக்காரர் வயலில் விளைந்தால் அது பணத்தின் பெருமை என்றுதான் ஊரார் சொல்வார்கள். ஏழையின் வயலில் விளைந்தால்தான் விதையின் பெருமை தெரியும். நம் தில்லி மாநிலத்திலேயே, ஹரியாணா எல்லையை ஒட்டியுள்ள ஜவுந்தி என்னும் கிராமம் 1960களில் விதைக் கிராமமாயிற்று. பூசா அறிஞர்கள் அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து புதிய கோதுமை விதையைப் பெருக்கினார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலேயே இருந்து அறிக்கை எழுதியிருந்தால் ஜவுந்தியின் களத்துமேடு நிரம்பியிருக்காது. என் தந்தையார் தினமும் வரப்பைச் சுற்றியதும் இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று. எல்லோரும் வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிய 1968 ஜனவரியிலேயே, வாராணசியில் கூடிய அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைப் பேணாமல் பயிரிட்டாலும், மருந்தை வரம்பின்றித் தெளித்தாலும், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தாலும் கேடு விளையும் என்று அவர் எச்சரித்தார். தம் வெற்றியின் குறையைத் தாமே எடுத்துரைத்த நேர்மை அது. அந்த எச்சரிக்கைக்குப் போதிய செவி சாய்க்காததன் பலனைப் பஞ்சாபின் தாழ்ந்துவிட்ட நிலத்தடி நீரில் இன்று காண்கிறோம். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தார். 2024இல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. நாம் செய்த வேலையில் உள்ள பிழையை முதலில் சொல்ல வேண்டியவர் நாமே. பிறர் கண்டுபிடிக்கும்வரை அதை மூடி வைப்பது வேர்ப்புழுவை மண்ணால் மூடி வைப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவையும் கேட்டுக் கொண்டே இருந்த என் மருமகன் சும்மா இராமல் கோதுமைக்கு நடுவே குனிந்து களை பறிக்கத் தொடங்கினான். "மாப்பிள்ளை, நிறுத்து!" என்று கூவினேன். அவன் கையிலிருந்தது நல்ல பயிர். கோதுமை வயலில் முளைக்கும் ஒருவகைப் புல் பூக்கும் வரையில் அச்சாகக் கோதுமையைப் போலவே இருக்கும். அடித்தண்டு செந்நிறமாக இருப்பதைக் கொண்டுதான் அதை அடையாளம் காண வேண்டும். அதைக் காட்டிக் கொடுத்தேன். "இதை நின்றுகொண்டு பார்த்தால் தெரியவே தெரியாது, மாமா" என்றான். "உன் மேசைக்கு வரும் விண்ணப்பமும் அப்படித்தான். பொய்யும் மெய்யும் மேலே ஒரே மாதிரி இருக்கும். குனிந்து அடியைப் பார்க்காமல் எதையும் பிடுங்கிவிடாதே" என்றேன்.

அந்த அம்மையார் வந்து போனது முதல் நான் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். எந்தத் தாள் வந்தாலும் அது வந்த தேதியை ஒரு நோட்டில் குறித்துக் கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் புறப்படுமுன் நோட்டை எடுத்து வரிவரியாகச் சுற்றி வருகிறேன். முடியாதவற்றுக்கு ஏன் முடியவில்லை என்று எழுதுகிறேன். அறியாததைக் கேட்க வெட்கப்படுவதில்லை. இதனால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிடவில்லை. ஆனால் யாரேனும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு என் மேசையை நோக்கி வரும்போது, முன்போல் என் நெஞ்சு திடுக்கிடுவதில்லை.

இளைஞர்களே! தலைநகரில் நம்மில் பலருக்குக் கொல்லை கிடையாது. மாடிப்படியோரத்தில் ஒரு மண்தொட்டி வைக்க இடம் இருக்கும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு பிடி வெந்தயத்தை அதில் தூவுங்கள். ஒரு குச்சியில் விதைத்த தேதியை எழுதி அதன் ஓரத்தில் நட்டுவையுங்கள். தினமும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நாளை உங்கள் மேசைக்கு முதல் தாள் வரும்போது, அதன் தலையிலும் அவ்வாறே ஒரு தேதி இருப்பது உங்கள் கண்ணில் தானாகவே படும்.